பாலக்காரருக்கு எத்தனை பீர்?

மக்களாட்சியைக் கண்டுபிடித்தவர்கள் கிரேக்கர்கள் என்று பள்ளிப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். கண்டுபிடித்ததோடு சரி, அதை வெறுங்கையோடு நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். அதன் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்து, அந்தக் கோப்பைக்கென்றே பிறந்த பீரை அதில் ஊற்றி, நுரை சரியாக இரண்டு விரல் உயரம் நிற்கும்படி நிமிர்த்தி வைத்த பெருமை பெல்ஜிய நாட்டின் விண்டர்கெம் நகராட்சியைச் சேரும். இன்னும் குறிப்பாகச் சொன்னால், அதன் இரண்டாம் மாடியில் இயங்கும் ‘பணியாளர் நலன், விழாக்கள் மற்றும் இதரப் பிரிவை’ச் சேரும்.

அந்தப் பிரிவின் தலைவர் ஃபிர்மின். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடச் சேவையில் அவர் யாரையும் புண்படுத்தியதில்லை. யாருக்கும் ‘இல்லை’ என்று சொன்னதில்லை. ‘பரிசீலனையில் உள்ளது’ என்றுதான் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட மனிதர்களுக்காகத்தான் உலகத்தில் பெரிய நாற்காலிகள் செய்யப்படுகின்றன. அப்படி ஒரு நாற்காலி, தலைமை நிர்வாகியின் நாற்காலி, வருகிற டிசம்பரில் காலியாவதாக இருந்தது.

எங்கள் ஊரைக் கால்வாய் ஒன்று இரண்டாகப் பிளக்கிறது. இரண்டையும் ஒட்டவைப்பது ஒரு தூக்குப் பாலம். சரக்குப் படகு வந்தால் பாலம் மேலே போகும், படகு போனதும் கீழே வரும். இதை முப்பத்தொன்பது வருடமாகச் செய்துவந்தவர் காமியேல். பாலத்தின் கிழக்குத் தலைமாட்டில் ஒரு கண்ணாடி அறையில் அவர் உட்கார்ந்திருப்பார். நகராட்சியின் பிரிவுப் பட்டியலில் பாலம் எங்கே வருகிறது என்று தேடினால் கிடைக்காது. அது ‘இதர’வில் வருகிறது.

ஜூன் மாதம் காமியேலிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டே வரி. “செப்டம்பர் கடைசி வெள்ளியன்று மாலை ஐந்து மணிக்கு நான் ஓய்வு பெறுகிறேன். பாலத்தின் சாவியை யாரிடம் ஒப்படைக்க வேண்டும்?”

மேயர் அம்மையார் ஃபிர்மினைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஃபிர்மின், நம்ம காமியேலுக்கு நல்லபடியா ஒரு வழியனுப்பு விழா வெக்கணும். போன வருஷம் தீயணைப்புக்காரங்க விழா ஞாபகம் இருக்கில்ல?”

ஃபிர்மினுக்கு மறக்குமா? அந்த விழாவில் ஒரே வகை பீர்தான் வைத்திருந்தார்கள். அது பிடிக்காத பாதிப் பேர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மீதிப் பாதி, போனவர்களின் பங்கையும் சேர்த்துக் குடித்துவிட்டு வீட்டுக்கே போகவில்லை.

“இந்தத் தடவை ஒருத்தர்கூட மூஞ்சியச் சுளிக்காம கெளம்பணும். பீர் விஷயத்துல ஒரு புகார் வரக்கூடாது. வரலைன்னா...” என்று மேயர் நிறுத்தி, “டிசம்பர்ல பேசிக்கலாம்” என்றார்.

ஃபிர்மின் தரையைத் தொடாமல் இரண்டாம் மாடிக்கு இறங்கிவந்தார். அன்று மாலைக்குள் குழு அமைந்தது.

முதல் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இரண்டு பொருள்கள். பொருள் ஒன்று: விழாவில் என்ன பீர் கொடுப்பது. பொருள் இரண்டு: காமியேலுக்குப் பிறகு பாலத்தை யார் பார்ப்பது. ஃபிர்மின் தலைமை. சாலைப் பணி மேஸ்திரி ரிக், ஆவணக் காப்பாளர் தியோ, நலவாழ்வு அலுவலர் ஜாஸ்மின் ஆகிய மூவரும் உறுப்பினர்கள். கூட்டக் குறிப்பு எழுத ஒடெட். ஒடெட் பதினெட்டு வருடமாகக் குறிப்பு எழுதுகிறவள். கூட்டத்தில் யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால், பாதியை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்துவிடுவாள்.

“இதுக்கு எதுக்கு ஒரு கூட்டம்?” என்று ஆரம்பித்தார் ரிக். “பில்ஸ் போதும். எல்லாரும் குடிக்கறது. மஞ்சளா இருக்கும், சில்லுனு இருக்கும், முடிஞ்சுது.”

தியோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “பில்ஸா? அது பீரில்லய்யா. பீர் குடிச்சவன் கோப்பையக் கழுவி ஊத்தின தண்ணி. பீருன்னா புளிப்பு பீர். மூணு வருஷம் மரப்பீப்பாயில தூங்கி எழுந்து வரணும்.”

“ஏன் மூணு வருஷம் தூங்குது தெரியுமா? எவனும் வாங்கலை. அதான்.”

“உன் நாக்கு தார் ஊத்தின ரோடு. அதுல என்ன ஓடினா என்ன?”

“மெதுவா, மெதுவா,” என்றார் ஃபிர்மின். “குறிப்புல ஏறுது.”

“தார் வரைக்கும் ஏறிடுச்சு,” என்றாள் ஒடெட்.

அப்போது ஜாஸ்மின் கையைத் தூக்கினாள். “நலவாழ்வுக் கொள்கை நாலாம் பிரிவுப்படி, ஆல்கஹால் இல்லாத பீரும் இருந்தாகணும்.”

அறையில் ஓர் அமைதி விழுந்தது. இறந்தவர்களுக்காக எழுந்து நிற்கும்போது விழும் அமைதி அது. பரம வைரிகளான ரிக்கும் தியோவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தங்கச்சி,” என்றார் ரிக் பரிவாக, “ஆல்கஹால் இல்லாத பீருங்கறது தண்ணியில்லாத கால்வாய் மாதிரி. அதுல எந்தப் படகும் போகாது.”

“வண்டி ஓட்டறவங்க? கர்ப்பிணிங்க? மாத்திரை போடறவங்க? அவங்களுக்கெல்லாம் நாக்கு இல்லையா?”

இந்தக் கேள்வி ஃபிர்மினை உலுக்கியது. அவர் எழுந்து ஜன்னல்வரை நடந்தார், திரும்பி வந்தார். சரித்திரத்தில் இடம்பெற்ற அந்த வாக்கியத்தை அப்போதுதான் சொன்னார்.

“ஒரு நாக்கு, ஒரு வாக்கு.”

யார் நாக்கும் பின்தங்கிவிடக் கூடாது. வருகிற நாற்பத்து மூன்று பேருக்கும் கேள்வித்தாள் அனுப்பி, அவரவர் நாக்கின் கருத்தை எழுத்துமூலம் பெறுவது என்று தீர்மானம் நிறைவேறியது.

“சார், ரெண்டாவது பொருள் பாலம்,” என்றாள் ஒடெட்.

“நேரமின்மை காரணமா ஒத்திவைக்கப்படுதுன்னு போடுங்க.”

“போட்டாச்சு சார்,” என்றாள் அவள். காலையிலேயே போட்டிருந்தாள்.

கேள்வித்தாளில் பதினேழு கேள்விகள். ‘கசப்பு குறித்துத் தங்கள் நிலைப்பாடு என்ன? (பீரில் மட்டும்).’ ‘செர்ரிப் பழம் போட்ட பீரைப் பழமாகக் கருதுகிறீர்களா, பீராகக் கருதுகிறீர்களா?’ ‘மடத்துத் துறவிகள் காய்ச்சும் கறுப்பு பீரை அருந்தும்போது தங்கள் மனத்தில் தோன்றுவது: அ) பக்தி ஆ) பசி இ) தூக்கம்.’ மேயரின் கணவர் பதினேழு கேள்விக்கும் ‘மனைவியைக் கேட்கவும்’ என்று ஒரே பதிலை எழுதியிருந்தார். காமியேலின் தாளில் எந்தக் கட்டத்திலும் குறியில்லை. அடியில் மட்டும் எழுதியிருந்தார்: “எதுவானாலும் சரி. சாவி யாரிடம்?”

ஃபிர்மின் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். ‘எதுவானாலும் சரி’ என்று ஒரு மனிதனின் நாக்கு சொல்லக்கூடும் என்பதே அவருக்கு நம்பமுடியாததாக இருந்தது. கட்டங்களில் அப்படி ஒன்று இல்லை. செல்லாத வாக்கு என்று சிவப்பு மையால் எழுதி, தாளை ‘இதர’ கோப்பில் சேர்த்தார்.

அடுத்து ஆய்வு. பேப்பரில் எழுதிய கருத்தை நாக்கில் வைத்துச் சரிபார்க்க வேண்டாமா? சுற்றுவட்டாரத்தில் உள்ள பீர் ஆலைகளுக்கும் மதுக்கூடங்களுக்கும் குழு நேரில் சென்றது. ‘கள ஆய்வு’ என்றுதான் ஒடெட் குறிப்பில் எழுதினாள். இரண்டாவது மதுக்கூடத்தில் ‘ள’வின் தலைமேல் ஒரு புள்ளி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஆய்வு நாள்களில் ‘பொருள் இரண்டு’ எடுத்துக்கொள்ளப்படவில்லை. எடுத்துக்கொள்ளும் நிலையில் யாரும் இல்லை.

ஆகஸ்டு மாதக் கூட்டத்தில் பட்டியல் ஒன்பது வகையாக உருண்டு திரண்டது. பில்ஸ், புளிப்பு பீர், செர்ரி பீர், கோதுமையில் காய்ச்சிய வெள்ளை பீர், மடத்துக் கறுப்பு, மடத்துப் பொன்னிறம், மேயர் அம்மையாரின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டுக் கொட்டகையில் காய்ச்சும் இஞ்சி பீர் (இது ஏகமனதாகத் தேர்வானது), பெயரைச் சொன்னாலே தலை சுற்றும் ஒரு கடும் பீர், ஆல்கஹால் இல்லாதது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. தொப்பியைக் கையில் பிடித்தபடி காமியேல் நின்றார்.

தியோ பாய்ந்து பட்டியலைத் தன் உடம்பால் மறைத்தார்.

“ஐயோ, நீங்க உள்ள வரக்கூடாது! இது உங்களுக்கே இன்ப அதிர்ச்சி!” என்று ஜாஸ்மின் கத்தினாள்.

“மன்னிச்சுக்குங்க. ஒரே ஒரு விஷயம் சார்,” என்றார் காமியேல் ஃபிர்மினிடம். “பாலத்துக்குப் புது ஆள் யாருன்னு தெரிஞ்சா கூட வெச்சுக் கத்துக் குடுத்துருவேன். அது கொஞ்சம் குணமுள்ள பாலம். ஏறும்போது யார் ஏத்தினாலும் ஏறும். எறங்கும்போது இடது பக்கம் முறைச்சுக்கும். தட்டிக் குடுக்கணும். ரெண்டு வாரம் பழகினாத்தான் பிடிபடும்.”

“கவலையே படாதீங்க காமியேல். எல்லாம் பரிசீலனையில இருக்கு,” என்றார் ஃபிர்மின். “பாலத்தோட குணநலன்களை மட்டும் எழுத்துமூலமா குடுத்துருங்க.”

காமியேல் எழுதிக் கொடுத்தார். நான்கு பக்கம், படத்தோடு. ‘இதர’ கோப்பு சற்றுப் பருத்தது.

செப்டம்பரில் கோப்பைப் பிரச்சினை வெடித்தது. எங்கள் நாட்டில் ஒவ்வொரு பீருக்கும் அதற்கே உரிய கோப்பை உண்டு. மடத்துக் கறுப்பைப் பில்ஸ் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பதும், கல்யாணப் பெண்ணை மூட்டை கட்டி மேடைக்குத் தூக்கிவருவதும் ஒன்று. ஆக ஒன்பது பீருக்கு ஒன்பது வகைக் கோப்பை. ஒருவர் இரண்டு வகை குடித்தால் இரண்டு கோப்பை. இதைத் தீர்க்க மேலும் மூன்று கூட்டங்கள். கடைசிக் கூட்டம் முடிந்தபோது விழாவுக்கு ஒருநாள் பாக்கி.

“சார், பொருள் இரண்டு,” என்றாள் ஒடெட்.

ஃபிர்மின் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் மூன்று மாதத்தில் நான்கு கிலோ ஏறியிருந்தார். அத்தனையும் அரசுப் பணி. “ஒடெட், வாழ்க்கையில ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் உருப்படியா செய்ய முடியும்,” என்றார்.

“அதைக் குறிப்புல போடட்டுமா சார்?”

“வேண்டாம்.”

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஃபிர்மின் மலர்க்கொத்தோடு பாலத்துக்கே நேரில் போனார். காமியேல் கடைசியாக ஒரு படகை விட்டு, பாலத்தை இறக்கி, கண்ணாடி அறையைப் பூட்டி, சாவியை நீட்டினார். வாங்க ஆளில்லை. ஒரு நொடி இருவரும் அந்தச் சாவியைப் பார்த்தபடி நின்றார்கள்.

“இப்போதைக்கு,” என்று ஃபிர்மின் அதைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

விழா, கால்வாயின் கிழக்குக் கரையில், பழைய படகோட்டிகள் சங்கக் கூடத்தில். வெளியே உருளைக்கிழங்கு வறுவல் வண்டி துணிக்கூரை விரித்து நின்றது. உள்ளே ஒன்பது பீர்களும் ஒன்பது வகைக் கோப்பைகளும் அணிவகுத்திருந்தன. ஐந்தரை மணிக்கு ஃபிர்மின் ஒரு மூலையில் நின்று முகங்களைப் பார்த்தார். ஒரு சுளிப்பு இல்லை. குள்ளக் கோப்பை, குழல் கோப்பை, துலிப் கோப்பை என்று ஒவ்வொரு கையிலும் அதற்கு உரியது. ரிக்கின் மனைவி செர்ரி பீரைச் சப்புக்கொட்டிக் குடித்தாள். தியோ தன் புளிப்பு பீரை ரிக்கிடம் நீட்ட, ரிக் ஒரு மிடறு குடித்துவிட்டு, “பரவால்ல, சாலட்டுல ஊத்தலாம்” என்றார். தியோ அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். நடுவில் காமியேல் புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்; யாரோ கொடுத்த எதையோ குடித்துக்கொண்டிருந்தார். ஃபிர்மினின் கண் கலங்கியது. இதைவிட ஒரு நகராட்சி தன் மக்களுக்கு என்ன செய்துவிட முடியும்?

அப்போது கால்வாயிலிருந்து சங்கு ஊதியது. நீளமாக மூன்று முறை.

மணல் ஏற்றிய சரக்குப் படகு. காமியேலின் கால்கள் தாமாகவே எழுந்தன.

“உக்காருங்க, உக்காருங்க!” என்று ஃபிர்மின் ஓடிவந்து அவர் தோளை அழுத்தினார். “நீங்க இன்னிக்கு விருந்தாளி. கைய அழுக்காக்கிக்கக் கூடாது.”

“பின்ன யாரு சார் தூக்குவா?”

கூடமே ஃபிர்மினைப் பார்த்தது. கோட்டுப் பையில் சாவி கனத்தது. மூன்று மாதமாக நாற்பத்து மூன்று நாக்குகளை ஆண்ட மனிதர் ஒரு பாலத்துக்கா பயப்படுவார்? “இதோ வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு மழைத்தூறலில் நடந்தார்.

பச்சைப் பொத்தானை அழுத்தினார். பாலம் எழுந்தது. எத்தனை கம்பீரமாக எழுந்தது! படகுக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டு கடந்துபோனார். ஃபிர்மின் பதிலுக்குக் கையசைத்தார். முப்பத்தொன்பது வருடமாகக் காமியேல் இதற்கா சம்பளம் வாங்கினார் என்று ஒரு சின்ன நினைப்பும் வந்தது. பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

பாலம் இறங்கவில்லை.

மறுபடி அழுத்தினார். இடது பக்கத்திலிருந்து ஒரு முனகல் வந்தது; முறைத்துக்கொள்ளும் முனகல். அந்த நான்கு பக்கமும் படமும் நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், எதிர்க்கரையில் இருந்தன. மேற்குக் கரையில் சைக்கிள்கள் நின்றன, ரொட்டி வண்டி நின்றது, அதன் பின்னால் பரிசுப் பொருளோடு மேயர் அம்மையாரின் கார் வந்து நின்றது. மேயர் கண்ணாடியை இறக்கி வானத்தை நோக்கி நிற்கும் பாலத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துக் கூடத்துப் பக்கமிருந்து கூச்சல். காற்றில் அறுந்த கொடித்தோரணம் வறுவல் வண்டியின் அடுப்பில் விழுந்து, தீ துணிக்கூரைக்குத் தாவிவிட்டது. வண்டிக்காரர் எண்ணெய்ச் சட்டியை மூடிவிட்டுக் குதித்து வெளியே வந்தார். ஆளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் கூரை எரிந்தது, கூரையிலிருந்து ஒரு முழத்தில் கூடத்தின் மர ஓரம் இருந்தது.

எங்கள் தீயணைப்புப் படையின் வேகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. நான்கே நிமிடத்தில் வந்துவிட்டார்கள். மேற்குக் கரைக்கு.

ஃபிர்மின் மூச்சிரைக்க ஓடிவந்தபோது கூடத்துக் குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. கால்வாயில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் கரைச் சுவருக்குக் கீழே இரண்டு ஆள் ஆழத்தில்.

“பீர்!” என்று கத்தினார் ரிக். “பீப்பாய்ல குழாய் இருக்கு, அழுத்தம் இருக்கு, பீரைப் பீச்சி அடிங்கய்யா!”

அற்புதமான யோசனை. எல்லோரும் பீப்பாய்களை நோக்கிப் பாய்ந்தார்கள். பாய்ந்தவர்களைத் தியோவின் குரல் நிறுத்தியது.

“எந்த பீர்?”

தீ படபடத்தது. குழு உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பில்ஸ ஊத்துங்க,” என்றார் தியோ. “அது அதுக்குத்தான் லாயக்கு.”

“உன் புளிப்ப ஊத்து! மூணு வருஷம் தூங்கினது இப்பவாவது ஒரு வேலை செய்யட்டும்!”

“மடத்து பீரைத் தொட்டா பாவம்,” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“இஞ்சி பீர் வேண்டாம், மேயரம்மா அந்தக் கரையிலேருந்து பாக்கறாங்க,” என்றாள் ஒடெட் தாழ்ந்த குரலில்.

ஃபிர்மின் கையை உயர்த்தினார். மூன்று மாதப் பயிற்சி வீண்போகவில்லை. “வாக்கெடுப்பு!” என்றார். “ஆல்கஹால் இல்லாத பீர். ஆதரவா?”

எல்லாக் கைகளும் ஒருசேர உயர்ந்தன. ரிக்கின் கை, தியோவின் கை, விருந்தாளிகளின் கைகள். குழு தோன்றிய நாளிலிருந்து சச்சரவில்லாமல், மேயரின் தம்பிக்குப் பயப்படாமல், மனமார நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். ஜாஸ்மினின் கண்ணில் நீர் தளும்பியது. புகையாலும் இருக்கலாம். “முழுக்கப் பயன்பட்டதுன்னு எழுதிக்குங்க ஒடெட்,” என்றாள்.

முழுக்கத்தான் பயன்பட்டது. ஒரு நிமிடத்தில் பீப்பாய் காலி. தீயில் பாதி பாக்கி. “அடுத்து எது?” என்று தியோ கேட்டதும் சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இந்த முறை ரிக் தியோவின் சட்டையைப் பிடித்துவிட்டார். கூடத்தின் மர ஓரம் கருகத் தொடங்கிய அந்தக் கட்டத்தில், யாரும் வாக்களிக்காமலேயே தீயணைப்பு வண்டியின் மணி மிக அருகில் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பாலம் இறங்கிக் கிடந்தது. வண்டி அதன்மேல் ஓடி வந்துகொண்டிருந்தது.

இரண்டு நிமிடத்தில் தீ அணைந்தது.

அணைந்த பிறகுதான் நடுநாற்காலி காலியாக இருப்பதை ஃபிர்மின் கவனித்தார். பாலத்திலிருந்து காமியேல் மெதுவாக நடந்து வந்தார். புதுச் சட்டையில் தோளிலிருந்து இடுப்புவரை கறுப்பு மசகு. வலது காலை லேசாக நொண்டினார். இடது பக்கத்தை எப்படித் தட்டிக்கொடுத்தார் என்பது அதில் தெரிந்தது. தன் கோப்பையைத் தேடினார். அதையும் யாரோ தீயில் ஊற்றியிருந்தார்கள்.

ஃபிர்மின் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். அதற்குள் மேயர் அம்மையார் வந்துவிட்டார்.

“ஃபிர்மின், பீர் பத்தி யாராவது புகார் சொன்னாங்களா?”

ஃபிர்மின் சுற்றிப் பார்த்தார். “ஒருத்தர்கூட இல்லை மேடம்,” என்றார். அது முழு உண்மை.

விசாரணைக் குழு இரண்டு மாதம் கூடியது. நாற்பத்து மூன்று விருந்தாளிகளில் ஒருவரும் பீர்த் தேர்வைக் குறை கூறவில்லை என்றும், அவசர காலத்திலும் வாக்கெடுப்பு முறை கைவிடப்படவில்லை என்றும் அது பாராட்டியது. டிசம்பரில் ஃபிர்மின் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பாலப் பிரச்சினையை யாரும் புண்படாத வகையில் தீர்த்துவைத்தார். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு மெக்கானிக்குகள் தினம் காலை ஆறு மணிக்கு வருவார்கள். திங்கள், புதன், வெள்ளி பாலம் தூக்கியிருக்கும், அது படகுக்காரர்களுக்கு. செவ்வாய், வியாழன், சனி இறங்கியிருக்கும், அது வண்டிக்காரர்களுக்கு. ஞாயிறு பாதி உயரத்தில் நிற்கும், அது கடவுளுக்கு.

பாக்கியிருந்தது ஒரே ஒரு கோப்பு. விசாரணைக் குழு சுட்டிக்காட்டிய ஒரே விதிமீறல். ஃபிர்மின் நல்ல மனிதர் என்பதால் அந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பிப்ரவரி மாதச் சனிக்கிழமை ஒன்றில், தானே பாலத்தைக் கடந்து கிழக்குக் கரையில் உள்ள காமியேலின் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

காமியேல் வாசலில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கி, மெதுவாக வாய்விட்டுப் படித்தார். “ஓய்வு பெற்ற பின், பொதுமக்களில் ஒருவராகிய தாங்கள், உரிய அனுமதியின்றி நகராட்சிப் பாலத்தை இயக்கியது வருந்தத்தக்கது. இனி எந்தச் சூழ்நிலையிலும் மேற்படி பாலத்தைத் தொடக் கூடாது என எச்சரிக்கப்படுகிறீர்கள்.”

“சும்மா ஒரு சம்பிரதாயம்தான்,” என்றார் ஃபிர்மின். “‘கண்டிக்கத்தக்கது’ன்னு இருந்துச்சு. நான்தான் ‘வருந்தத்தக்கது’ன்னு மாத்தினேன்.”

“நன்றி சார்.”

இருவரும் கொஞ்சநேரம் மழை பற்றியும் முழங்கால் பற்றியும் பேசினார்கள். காமியேலின் மனைவி காபி கொண்டுவந்தாள். திடீரென்று கால்வாய்ப் பக்கமிருந்து ‘கிர்ர்’ரென்று ஒரு சத்தம். ஃபிர்மின் எட்டிப் பார்த்தார். மெக்கானிக்குகள் இருவரும் ஞாயிறு காலை வர அலுத்துக்கொண்டு முந்தின நாளே வந்து, ஞாயிற்றுக்கிழமைப் பாதி உயரத்துக்குப் பாலத்தைத் தூக்கிவிட்டு, இந்தக் கரையிலேயே உள்ள தங்கள் ஊருக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஃபிர்மின் கையை ஆட்டினார், கத்தினார். கார் போய்விட்டது.

இந்தக் கரையில் ஃபிர்மின். அந்தக் கரையில் அவருடைய வீடு, மனைவி, இரவுச் சாப்பாடு. நாளை ஞாயிறு பாதி, திங்கள் முழுசு. பாலம் இறங்க இன்னும் மூன்று நாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “காமியேல்,” என்றார், இருபத்தாறு வருடத்தில் யாரிடமும் பேசாத மென்மையான குரலில், “ஒரு அஞ்சு நிமிஷம் வந்து எறக்கி விட்டுருங்களேன். கண்ணாடி அறைச் சாவி ஒண்ணு எங்கிட்டயே இருக்கு. யாரும் பாக்கலை.”

காமியேல் கடிதத்தை மறுபடி எடுத்து, மடிப்புப் பிரித்து, முழங்கால்மேல் வைத்து நீவினார்.

“எனக்கும் ஆசைதான் சார். ஆனா இந்த ஊருல இத்தனை ஆயிரம் பேர் இருக்கறதுல, அந்தப் பாலத்தைத் தொடக் கூடாதுன்னு எழுத்துல வாங்கியிருக்கறது நான் ஒருத்தன்தான்.” விரலை அடிவரிவரை இறக்கிக்கொண்டு போனார். “கீழ யாரு கையெழுத்துன்னு படிக்கட்டுமா?”